தேர் பார்த்துத் திரும்பிய இரவில் பாலத்திலிருந்து விழுந்த கல்

ஜேர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்களில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒருதடவையாவது போகாதவர்கள் குறைவு. நாங்கள் ஹனோவரில் இருக்கிறோம். வருடா வருடம் தேரன்று காலையில் ஏ2 ஓட்டோபானை, அதாவது அதிவேக நெடுஞ்சாலையைப் பிடித்து ஹம்-ஊன்ட்றொப்பில் இறங்குவோம், இரவு அதே பாதையால் திரும்புவோம், ஒரு பக்கம் ஒன்றே முக்கால் மணி நேர ஓட்டம். இருபது வருடமாக ஓடின பாதை. எந்த இடத்தில் வேகக் கமரா இருக்கும், எந்தத் தரிப்பிடத்தில் மலசலகூடம் சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பாதைக்கு மேலே எத்தனை பாலங்கள் குறுக்கே போகின்றன என்று இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இப்போது எண்ணுகிறேன். பெரிய தெருப் பாலங்களைவிட, உழவு இயந்திரம் மட்டும் போகக்கூடிய ஒடுங்கின வயல் பாதைப் பாலங்கள்தான் கூட. இருட்டினால் அவற்றில் ஆள் நடமாட்டமே இருக்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேர் இருப்புக்கு வந்து, அன்னதானம் சாப்பிட்டு, கண்டவர் நின்றவரோடு கதைத்து, கடைகளில் மாமிக்கு முருங்கைக்காயும் மகளுக்கு வளையலும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. முன் இருக்கையில் மனைவி, மடியில் அர்ச்சனைப் பை. பின்னால் மாமி, நடுவில் பத்து வயது மகள் நித்திரை, மற்றப் பக்கம் பதினாறு வயது மகன். கோடைகாலம் என்றபடியால் அந்த நேரத்திலும் வடக்கு வானத்தில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஞாயிறு இரவு 10 மணி வரை பெரிய லொறிகள் ஓடக்கூடாது என்று இங்கே சட்டம், ஆகவே பாதையும் வெறிச்சென்றிருந்தது. நடுப் பாதையில் 120 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். பீலஃபெல்ட் தாண்டியாயிற்று.

பாலம் வந்தது எனக்குத் தெரியும், வந்தது என்ற அளவுக்குத்தான். மேலே ஏதோ கறுப்பாக, கைப்பிடிக் கம்பிக்கு மேலால் தெரிந்தது போல இருந்தது, அதைக்கூட நான் உண்மையிலேயே கண்டேனா, பிறகு மனம் சேர்த்துக்கொண்டதா என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டேன்.

அன்று முழுக்கத் தேருக்கு முன்னால் சிதறு தேங்காய் உடைபடுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததல்லவா, அதே சத்தம், ஆனால் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. முன்கண்ணாடியின் வலது பாதி ஒரு நொடியில் வெள்ளையாகிப் போனது. மனைவி கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. கத்தினது மாமி.

என் கை என்ன செய்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்காமலே அது ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தது. அடி வலது பக்கம் விழுந்தது, ஆகவே உடம்பு இடது பக்கம் ஒதுங்கப் பார்த்தது, வேறு யோசனை எதுவும் இல்லை. இடது பாதையில் ஒரு கார் எனக்குச் சமமாக வந்துகொண்டிருந்தது. அந்தக் காரின் ஹோர்ன் நீளமாக அடித்த பிறகுதான் நான் திரும்ப நேராக்கினேன். இடையில் அரை நொடிகூட இருக்காது. கல் செய்யாமல் விட்டதை அந்த அரை நொடியில் நான் செய்து முடித்திருப்பேன், ஐந்து உயிரோடு அடுத்த காரில் இருந்தவர்களையும் சேர்த்து.

ஆகவே வாகனம் ஓடுகிற எல்லோருக்கும் என் முதல் வேண்டுகோள் இதுதான். ஏதாவது வந்து அடித்தால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேரே போங்கள். பிறேக்கைச் சட்டென்று மிதிக்காதீர்கள், காலை மெல்ல எடுங்கள், நான்கு பக்க விளக்கையும் போடுங்கள், கண்ணாடியில் தெளிவாக இருக்கும் இடம் எது என்று தேடி அதற்குள்ளால் பாருங்கள். இன்றைய கார்களின் முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறார்கள், அதனால் சிலந்தி வலை போல வெடித்தாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பயத்தில் நாம் செய்கிற வேலைதான் அந்த நேரத்தில் கூட ஆபத்து. இதை வீட்டில் இருக்கும்போதே நாலு தரம் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் யோசிக்க நேரம் கிடையாது, கைக்குப் பழக்கம் இருந்தால்தான் உண்டு.

"அப்பா, இஞ்ச நிப்பாட்டாதேங்கோ, முன்னுக்குத் தரிப்பிடம் இருக்கு" என்று மகன் பின்னாலிருந்து சொன்னான். எனக்கு இடது பாதி நன்றாகத் தெரிந்தது, ஆகவே மெல்ல உருட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு வழியில்லை, வலது ஓரத்தில் இருக்கும் அவசரப் பாதையில்தான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் எல்லோரும் வலது பக்கக் கதவால் இறங்கி, இரும்புத் தடுப்பைத் தாண்டி அப்பால் போய் நிற்க வேண்டும். காருக்குள் இருப்பதும், காருக்குப் பின்னால் நின்று சேதத்தைப் பார்ப்பதும் கல்லைவிடப் பயங்கரம். மிளிரும் மேற்சட்டையைக் கார் டிக்கியில் வைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே கதவுப் பைக்குள் மாற்றுங்கள். எங்களுடையது டிக்கியில், முருங்கைக்காய்க்கும் கோயில் சாப்பாட்டுப் பெட்டிக்கும் கீழே கிடந்தது.

தரிப்பிடம் முழுக்க லொறிகள், பத்து மணிக்காகக் காத்து நின்றன. எங்கள் காரைக் கண்டு ஒரு போலந்துச் சாரதி டோர்ச் லைட்டோடு இறங்கி வந்தார். அவருக்கு டொச் மொழி பாதி, கைச்சாடை பாதி. கண்ணாடியை ஒருதரம் பார்த்துவிட்டு வெளிச்சத்தை மேலே கூரை விளிம்புக்குக் கொண்டுபோனார். அங்கே உள்ளங்கை அளவுக்குத் தகரம் உள்ளே போயிருந்தது, குழிக்குள் சாம்பல் நிறத்தில் மண் தூள். முன்னால் போகும் வாகனத்தின் ரயரில் இருந்து தெறிக்கும் கல் சின்னப் பொட்டுப் போல அடிக்கும், அது இப்படி மேலிருந்து கீழே நசிக்காது என்று கையாலேயே காட்டினார். வானத்தைக் காட்டினார், பிறகு தலையை ஆட்டினார்.

மனைவியைக் காரிலிருந்து இறக்கும்போதுதான் பார்த்தேன், பட்டுச் சேலை முழுக்க மா தூவினது போலக் கண்ணாடித் தூள். முன்கையில் ஊசியால் குத்தினது போல பத்துப் பதினைந்து இடத்தில் இரத்தப் பொட்டு. மடியில் இருந்த அர்ச்சனைப் பை திறந்து கிடந்தது, உள்ளே தேங்காய்ப் பாதி மேற்பக்கமாக இருந்தது, அதன் வெள்ளைக்குள் சின்னச் சின்னச் சில்லுகள் குத்தி நின்று டோர்ச் வெளிச்சத்தில் மினுங்கின. படலம் கண்ணாடியை ஒட்டிப் பிடித்திருந்தாலும் உட்பக்கத்திலிருந்து இப்படித் தூள் பறக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தேங்காய் அவளுடைய முகத்துக்கு எவ்வளவு கிட்ட இருந்தது என்று நினைத்தபோது எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. அவளுக்கு மூக்குக் கண்ணாடி போடும் பழக்கம், அதுதான் கண்ணைக் காப்பாற்றியது.

தூளைக் கையால் துடைக்க வேண்டாம். நான் துடைத்தேன், அதனால் அவளுக்கும் எனக்கும் வெட்டு. உடுப்பை உதறாமல் மெல்லக் கழற்றி எடுக்க வேண்டும், ஒட்டும் நாடா இருந்தால் அதை அமத்தி எடுக்கலாம். கண்ணுக்குள் உறுத்தினால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

இனி நான் வெட்கப்படுகிற பகுதி. பொலிசுக்கு அடிக்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. மனைவியும் "விடுங்கோப்பா, அம்பாள் காப்பாத்திப்போட்டா, கோயிலுக்குப் போட்டு வந்து பொலிசும் கேஸுமா அலையாம வீட்டை போவம்" என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். திங்கட்கிழமை காப்புறுதிக்காரனுக்கு அடித்துச் சொன்னால் கண்ணாடி மாற்றித் தருவான், வேறென்ன. ஊரில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த எங்களுக்குப் பொலிஸ் என்றால் நாமாகப் போய்க் கூப்பிடுகிற ஆட்கள் இல்லை. முப்பது வருடம் இங்கே வேலை செய்து வரி கட்டி, குடியுரிமையும் எடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

மகனுக்கு அந்தப் பயம் கிடையாது, அவன் இங்கே பிறந்தவன். "அப்பா, பின்னால வாற காருக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பொலிசின் அவசர எண் 110க்கு அடித்துவிட்டான்.

அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கே எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. எந்தப் பாலம்? எத்தனையாவது கிலோமீற்றர்? ஓட்டோபானில் ஒவ்வொரு 500 மீற்றருக்கும் சின்ன நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எண் போட்டிருக்கிறார்கள், முப்பது வருடமாகக் காண்கிறேன், வாசித்ததில்லை. நல்ல காலம் தரிப்பிடத்தின் பெயர் பலகையில் இருந்தது, அதை வைத்து அவர்களே கணக்குப் பார்த்துப் பிடித்தார்கள். இப்போது எங்கள் காரில் ஒரு விளையாட்டு உண்டு, அவ்வப்போது மகளிடம் "இப்ப எத்தினை?" என்று கேட்பேன், அவள் எண்ணை வாசிப்பாள். பாதை எண், போகிற திசை, கடைசியாகக் கண்ட கிலோமீற்றர் எண், நேரம், இந்த நாலும் இருந்தால் அவர்களுக்குப் போதும். கைபேசி வேலை செய்யாவிட்டால் ஓரத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்று என்று செம்மஞ்சள் நிற அவசரத் தொலைபேசித் தூண்கள் இருக்கின்றன. எந்தப் பக்கம் நடந்தால் கிட்ட என்று வெள்ளைக் கம்பங்களின் தலையில் இருக்கும் சின்னக் கறுப்பு அம்பு காட்டும். நடப்பதென்றால் இரும்புத் தடுப்புக்கு அப்பால்தான். கல்லைத் தேடுகிறேன் என்று பின்னோக்கி நடந்து போக ஒருபோதும் நினைக்காதீர்கள், அந்த எண்ணம் எனக்கும் வந்தது.

கால் மணி நேரத்தில் பொலிஸ் வந்தது, கூடவே அம்புலன்ஸும். அம்புலன்சில் இருந்த பெண் மனைவியின் கண் இமையைத் திருப்பிப் பார்த்து, கையில் இருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பொலிசில் ஒருவர் எங்களோடு கதைக்க, அதே நேரத்தில் வேறொரு வண்டி பாலத்துக்கு மேலே போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர்களுக்கு ஒரு படம் வந்தது, அதைத் தன் கைபேசியில் எனக்குக் காட்டினார். பாலத்தில் ஒருத்தரும் இல்லை. கைப்பிடிக் கம்பியின் அடியில், கொங்கிறீற் விளிம்பில், மூன்று கல் வரிசையாக வைத்திருந்தது. ஒவ்வொன்றும் சின்னத் தேங்காய் அளவு. வயல் கரையில் உழும்போது பொறுக்கிக் குவிக்கிற கற்கள் என்று அவர் சொன்னார். எறிவதற்கு வசதியாகக் கிட்டக் கிட்ட அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு மனைவி வீட்டுக்குப் போவோம் என்று சொல்லவில்லை.

காரைத் தொடாமல் வைக்கச் சொன்னார்கள். குழிக்குள் இருந்த மண் தூளை ஒருவர் கவனமாகச் சுரண்டி எடுத்துச் சின்னப் பைக்குள் போட்டார். நாங்கள் வழக்கமாகச் செய்வது போலத் தரிப்பிடத்திலேயே தண்ணீரை ஊற்றிக் கழுவியிருந்தால் அதுவும் போயிருக்கும். படம் எடுங்கள், எல்லாப் பக்கத்தாலும் எடுங்கள், துடைக்காதீர்கள். பொலிஸ் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், காப்புறுதிக்கும் அதுதான் வேண்டும்.

காப்புறுதியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கட்டாயக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தால் உங்கள் கண்ணாடிக்கு ஒரு சதம் கிடையாது, அது மற்றவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கு. தைல்காஸ்கோ என்கிற பகுதிக் காப்புறுதி இருந்தால் கண்ணாடி உடைவு அதில் அடங்கும், அதைப் பாவித்தால் உங்கள் விபத்தில்லா ஆண்டுக் கழிவும் குறையாது. ஆனால் கூரைத் தகரம் நசிந்தது வேண்டுமென்று ஒருவர் செய்த சேதம், அதற்கு ஃபோல்காஸ்கோ என்கிற முழுக் காப்புறுதி வேண்டும். என்னிடம் தைல்காஸ்கோ மட்டும்தான், ஆகவே கண்ணாடிக்கு 150 யூரோ நான் கட்ட மிச்சத்தை அவர்கள் கட்டினார்கள், கூரை முழுக்க என் தலையில். கண்ணாடி மாற்றுகிற இடத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: பாதைக் கோட்டைப் பார்க்கும் கமரா கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கார் என்றால், புதுக் கண்ணாடி போட்டதும் அந்தக் கமராவைத் திரும்ப அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கராஜில் வேலை செய்பவர் ஒரு விரலைக் கூரை விளிம்பில் வைத்து, இன்னொன்றைக் கண்ணாடியில் ஒரு சாண் கீழே வைத்துக் காட்டினார். "இங்கே விழுந்திருந்தால் உள்ளே வந்திருக்கும்." கூரையின் இரும்புச் சட்டம் பாதி அடியை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சாண்.

மகன் அந்தக் கிழமையே பௌதிகப் பாடக் கொப்பியில் கணக்குப் போட்டான். பாலத்திலிருந்து கார்க் கூரை வரை ஐந்து மீற்றர் என்று வைத்தால் கல் விழ ஒரு நொடி எடுக்கும். 120 கிலோமீற்றர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் கார் 33 மீற்றர் வந்துவிடும். அதாவது அவர்கள் கல்லைக் கைவிட்ட நேரம் நான் பாலத்திலிருந்து 33 மீற்றர் தள்ளி, கல்லே இல்லாத இடத்தில் இருந்தேன். அது கண்ணில் பட்டு, கையும் காலும் ஏதாவது செய்யுமுன் காரியம் முடிந்துவிடும். கல்லை வீசி எறியத் தேவையே இல்லை, சும்மா விட்டாலே போதும், வேகத்தைக் கார் கொடுக்கும். இரண்டு கிலோக் கல் ஒன்றில் 120 கிலோமீற்றர் வேகத்தில் போய் மோதுவது, அதே கல் 57 மீற்றர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம் என்று கணக்கு வந்தது. பத்தொன்பது மாடிக் கட்டடத்தின் உச்சி. அதே கணக்கில் வேகத்தை 100க்குக் குறைத்தால் அடியின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தண்ணீர்ப் போத்தல், பனிக்கட்டி, பூசணிக்காய் என்று எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். இதை நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் போய்ச் செய்யச் சொன்னேன், "சும்மா விட்டால் மெல்லத்தானே விழும் மாமா" என்று முதலில் சொன்ன பெடியன்தான் முதலில் விடை கண்டுபிடித்து, பிறகு ஒன்றும் பேசாமல் இருந்தான்.

வேலையிடத்தில் சொன்னபோது என்னோடு வேலை செய்கிற வயதான ஜேர்மன்காரர் உடனே "டார்ம்ஸ்ரட்" என்று ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னார். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 27. அங்கிருந்த அமெரிக்கப் படையினரின் பிள்ளைகள் மூன்று பேர், வயது 14, 17, 18. நெடுந்தெரு ஒன்றுக்கு மேலே போகும் நடைபாலத்திலிருந்து கற்களைப் போட்டார்கள், சில கற்கள் எட்டுக் கிலோ வரை. பல கார்களில் விழுந்தது, இரண்டு பெண்கள் இறந்தார்கள். கொலை செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் போகவில்லை, பொழுதுபோக்காகத்தான் தொடங்கினார்கள், ஆனால் நீதிமன்றம் கொலை என்றே தீர்த்தது, இளையோர் சட்டத்தில் ஏழு முதல் எட்டரை வருடம் வரை தண்டனை. பிறகு ஓல்டன்பூர்க். 2008ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு, ஏ29 ஓட்டோபான், ஆறு கிலோ மரக்கட்டை. முன் இருக்கையில் இருந்த 33 வயதுத் தாய் இறந்துபோனார். கார் ஓடியது கணவன், பின்னால் இரண்டு பிள்ளைகள். அந்த மனிதன் அந்த நிலையிலும் காரைப் பத்திரமாக நிறுத்தியிருக்கிறார். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை இல்லை, காரில் ஆட்கள் இருந்த ஒழுங்கு ஏறக்குறைய எங்களுடையது. போட்டவன், சாட்சி சொல்ல வந்தவன் போலத் தானாகவே பொலிசிடம் வந்திருக்கிறான், 2009இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கதைக்க வேண்டும். ஒருத்தருக்கும் காயம் இல்லாவிட்டாலும் ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 315பி பிரிவில் இது குற்றம், முயற்சி செய்ததே குற்றம். விபத்து நடக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்தால் ஒன்று முதல் பத்து வருடம். 14 வயதிலிருந்து வழக்குப் போடலாம். அதற்குக் கீழே வழக்கு இல்லை, ஆனால் நட்ட ஈடு என்று வரும்போது ஏழு வயது கடந்த பிள்ளையிடமும், செய்வது பிழை என்று விளங்கும் பக்குவம் இருந்தால், கேட்கலாம். வேண்டுமென்று செய்த சேதத்துக்குக் குடும்பப் பொறுப்புக் காப்புறுதி கட்டாது, நீதிமன்றம் தீர்த்த கடன் முப்பது வருடம் துரத்தும். உங்கள் பிள்ளை கல்லைத் தொடாமல் பக்கத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்தாலும் மாட்டுப்படலாம். இப்படியெல்லாம் சொல்லிப் பயப்படுத்துவதைவிட அந்த 57 மீற்றர் கணக்கை ஒருதரம் சேர்ந்து போட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டில் அதுதான் வேலை செய்தது.

பாலத்தில் ஆள் நிற்கக் கண்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சும்மா நிற்பவர்கள், கார்களுக்குக் கை காட்டுகிற சின்னப் பிள்ளைகள், அவர்களைக் கண்டு பதறத் தேவையில்லை. நான் செய்வது: தூரத்திலேயே காலை எடுத்து வேகத்தைக் குறைப்பேன், பின்னால் வருபவருக்கு இடைஞ்சல் இல்லாமல். பக்கப் பாதை வெறுமையாக இருந்தால் பாலத்துக்கு நன்றாக முன்னமே மாறிவிடுவேன், கிட்ட வந்த பிறகு மாறவே மாட்டேன். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடமாட்டேன். கையில் ஏதாவது வைத்துக் கம்பிக்கு மேலால் நீட்டுவதைக் கண்டால், அல்லது ஆள் குனிந்து ஒளிவதைக் கண்டால், பக்கத்தில் இருப்பவரை உடனே 110க்கு அடிக்கச் சொல்வேன், அடி விழும் வரை காத்திருக்க மாட்டேன். முன்கமரா ஒன்றும் பூட்டியிருக்கிறேன். 2018 மே மாதம் கார்ல்ஸ்றூ உச்ச நீதிமன்றம் விபத்து வழக்கில் அந்தப் பதிவை ஆதாரமாக எடுக்கலாம் என்று தீர்த்தது, ஆனால் எந்நேரமும் பதிந்து சேமித்து வைப்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறு, ஆகவே பழையதைத் தானாக அழித்துக்கொண்டு போகிற வகையாக வாங்கினேன்.

உடம்புக் காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. மனைவி அதற்குப் பிறகு மூன்று மாதம் முன் இருக்கையில் இருக்கவில்லை. பாலம் வந்தால் கையால் முகத்தை மூடுவாள், மழை பெரிதாகக் கண்ணாடியில் அடித்தாலும் நடுங்குவாள். "கொஞ்ச நாளில சரியாகிடும் தம்பி" என்று மாமி சொன்னார், நானும் நம்பினேன், சரியாகவில்லை. வைசர் றிங் என்று குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிற ஒரு சங்கம் இருக்கிறது, 116 006க்கு அடித்தால் காசு கேட்காமல் கதைப்பார்கள். அவர்கள்தான், வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான புதுச் சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதன்படி மன அதிர்ச்சிக்கான சிகிச்சை நிலையத்தில் விரைவாக நேரம் கேட்கலாம் என்று வழி காட்டினார்கள். ஐந்து தடவை போனாள். இப்போது முன்னுக்குத்தான் இருக்கிறாள், பாலங்களுக்குக் கீழே கதையை நிறுத்துவாள், தாண்டியதும் தொடருவாள். கல் எறிந்தவனைப் பிடித்தால்தான் இந்த உதவி என்று இல்லை, ஆனால் பொலிசில் பதிவு இருந்ததால்தான் எங்களுக்கு எல்லாம் சுலபமாக நடந்தது.

பிடிக்கவில்லை. ஏழு மாதம் கழித்து அரச வழக்குத் தொடுநர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது, சந்தேகநபர் அடையாளம் காணப்படாததால் விசாரணை நிறுத்தப்படுகிறது, புதுத் தகவல் கிடைத்தால் திரும்பத் திறக்கப்படும் என்று.

அந்தக் கடிதம் வந்து இரண்டு கிழமையில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில் கதையோடு கதையாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த தம்பி, தூரத்துச் சொந்தம், பிறவுன்ஸ்வைக்கில் இருப்பவர், கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தார்.

"அண்ணை, எந்த இடம்?"

சொன்னேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அன்றிரவு அவர்களும் அதே தேரிலிருந்து அதே பாதையால்தான் போயிருக்கிறார்கள், எங்களுக்கு முன்னால். பீலஃபெல்ட் தாண்டி ஒரு பாலத்துக்குக் கீழே அவர்களுடைய வான் வண்டியின் கூரையில் ஏதோ தடாரென்று விழுந்திருக்கிறது. மரக்கொப்பு என்று நினைத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பின்பக்கக் கூரையில் குழி. "பழைய வான்தானே அண்ணை, ஆருக்குச் சொல்லுறது எண்டு விட்டிட்டன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மகன் பக்கத்தில் இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் விட்டிருப்பேன், எனக்குப் பின்னால் வந்தவருக்கு அந்த மூன்று கல்லில் ஒன்று விழுந்திருக்கும். ஆனால் அவருடைய மனைவி அன்று எதையும் சாப்பிடவில்லை. "அப்பவே அடிச்சிருக்கலாம்" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த நாள் திங்கள் நான் லீவு போட்டேன். அவர் வானை ஓடிக்கொண்டு ஹனோவருக்கு வந்தார், கூரைக் குழி அப்படியே, கறள் பிடித்திருந்தது. இரண்டு பேருமாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். வாசலில் அவர் கொஞ்சம் தயங்கி நின்றார், "உள்ள போனா எங்களைத்தானே கேள்வி கேப்பினம்" என்றார், "கேப்பினம் தம்பி, பதில் சொல்லுவம்" என்றேன். உள்ளே இருந்த பெண் அதிகாரி என் கடிதத்தில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்து, தம்பியின் கைபேசியில் அன்றிரவு வீட்டுக்கு அனுப்பின வாட்ஸ்அப் செய்தியின் நேரத்தையும் வாங்கி, கணக்குப் பார்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்: அவருக்கு விழுந்தது ஏறக்குறைய 21.35. எங்களுக்கு 21.58.